கவனம் எட்டாத நகரப் பகுதிகளில் மக்களே நடத்தும் பணிகளைக் கௌரவிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுக் குழுவில் இருப்பவர்கள், நிதி கொடுக்கும் அமைப்பினர், மாநகராட்சி அலுவலர்கள், 'எங்கள் பக்கத்தில் ஒரு குழு அருமையாக வேலை செய்கிறது, அவர்களுக்கு ஏதாவது செய்யணும்' என்று நினைக்கும் சாதாரண ஆட்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட குழுக்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதிலும், சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்ததிலும் எனக்குப் புரிந்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மக்களே நடத்தும் திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பிரச்சினை யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவர்களே கூடிப் பேசி, முடிவெடுத்து, பொறுப்பேற்று நடத்தும் வேலை. பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது, சேமிப்புக் குழு, தெருவிளக்குக்காக மனு எழுதி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெண்கள், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் இளைஞர்கள், குப்பைமேடாகக் கிடந்த காலி இடத்தை விளையாடும் இடமாக்கியவர்கள் என்று எல்லாமே இதில் சேரும். பத்துப் பேர் நடத்துவதும் உண்டு, பல்லாயிரம் பேர் சேர்ந்ததும் உண்டு. வெளியிலிருந்து பணமோ ஆலோசனையோ வரவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசி வார்த்தை அந்தத் தெருக்காரர்களுடையதாக இருந்தால் போதும்.

ஒரு பகுதி கவனிக்கப்படாத பகுதி என்று எதை வைத்துச் சொல்வது?

ஐ.நா.வின் ஹாபிடட் அமைப்பு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: நல்ல குடிநீர், கழிப்பறை வசதி, நெரிசலில்லாமல் குடியிருக்க இடம், உறுதியான கட்டடம், எப்போது வெளியேற்றுவார்களோ என்ற பயமில்லாத குடியிருப்பு உரிமை. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வீட்டைக் குடிசைப்பகுதிக் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கின்படி உலகம் முழுவதும் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வாழ்கிறார்கள்.

கணக்குக்கு அது சரி. நேரில் பார்க்கும்போது நான் இன்னும் சிலவற்றைக் கவனிப்பேன். பேருந்து எந்த இடத்தோடு திரும்பிவிடுகிறது? குப்பை வண்டி எந்தத் தெரு முனையோடு நின்றுவிடுகிறது? வேலைக்கு மனுப் போடும்போது அங்கிருப்பவர்கள் சொந்த முகவரியை எழுதுகிறார்களா, உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிறார்களா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், எந்த அறிக்கையும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

யாரும் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கீகாரம் எதற்கு?

அங்கீகாரம் என்றதும் மேடையும் கேடயமும் ஞாபகத்துக்கு வருவதால்தான் இந்தச் சந்தேகம் எழுகிறது. பூனே நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். குப்பையிலிருந்து காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், 1993-ல் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். 1996-ல் மாநகராட்சி அவர்களுடைய அடையாள அட்டையை ஏற்றுக்கொண்டது. பார்ப்பதற்கு ஒரு சின்ன அட்டைதான். ஆனால் தோளில் மூட்டையோடு ஒரு தெருவுக்குள் நுழையும் பெண்ணைத் திருடி என்று நிறுத்தி வைக்கும் உலகத்தில், 'இவர் இந்த வேலையைச் செய்யும் தொழிலாளி' என்று அரசு அலுவலகமே சொல்லும் அட்டை அது. அதன் பிறகு மருத்துவக் காப்பீடு கேட்டார்கள். பின்னர் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையையே தங்கள் கூட்டுறவு மூலம் நகரத்தோடு ஒப்பந்தம் போட்டு எடுத்தார்கள்.

அங்கீகாரத்தின் பயன் இதுதான்: அடுத்த கதவைத் தட்ட அது துணை நிற்க வேண்டும். எந்தப் பாராட்டைத் திட்டமிட்டாலும், 'இதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நாளைக்கு எந்த அலுவலகத்துக்குள் போக முடியும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பாராட்டு கொடுப்பவருக்காக நடப்பது.

மக்கள் பங்கேற்பு என்று எல்லாருமே எழுதுகிறார்களே, உண்மையானதை எப்படிப் பிரிப்பது?

1969-ல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்தார். கீழ்ப் படிகளில் மக்களைக் கூட்டி வைத்துச் சமாதானம் சொல்லி அனுப்புவார்கள். நடுப் படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், முடிவை மட்டும் அதிகாரத்தில் இருப்பவர்களே எடுப்பார்கள். மேல் படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஏணி பயன்படுகிறது, ஏனென்றால் இன்றும் பெரும்பாலான 'பங்கேற்பு' நடுப் படியோடு நின்றுவிடுகிறது.

மேல் படி எப்படி இருக்கும் என்பதற்கு பாஸ்டன் நகரத்தின் டட்லி தெரு ஓர் உதாரணம். தீ வைப்பும் கைவிடுதலுமாகச் சேர்ந்து அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான மனைகள் காலியாகி, வெளியாட்கள் குப்பை கொட்டும் இடமாகிப்போயிருந்தன. 1984-ல் உதவ முன்வந்த அறக்கட்டளையும் அமைப்புகளும் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று குடியிருப்போர் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார்கள். திட்டம் மாற்றப்பட்டது, குழுவில் குடியிருப்போருக்கே பெரும்பான்மை கிடைத்தது. 1988-ல், காலி மனைகளைப் பொதுப் பயனுக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகரம் அந்தக் குழுவிடம் கொடுத்தது. வழக்கமாக அரசு மட்டுமே வைத்திருக்கும் அதிகாரம் அது.

எல்லா இடத்திலும் இந்த அளவு நடக்காது. ஆனால் யாரிடமும் கேட்க முடிந்த கேள்வி ஒன்று இருக்கிறது: 'வெளியிலிருந்து வந்த யோசனையை நீங்கள் வேண்டாம் என்று சொன்னது எப்போது?' உண்மையில் மக்கள் நடத்தும் குழு என்றால் உடனே ஒரு கதை வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். அமைதி நிலவினால் யோசியுங்கள்.

நல்ல குழுக்கள் விண்ணப்பிப்பதே இல்லை. எங்கே தேடுவது?

ஆமாம், வேலை செய்பவர்களுக்கு விண்ணப்பம் எழுத நேரம் இருப்பதில்லை. விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், எழுதத் தெரிந்த அமைப்புகளே திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பகுதியில் தினமும் நடமாடுபவர்களைக் கேளுங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், சுகாதார நிலையச் செவிலியர், தபால்காரர், மூலைக் கடைக்காரர். 'வெள்ளம் வந்தபோது முதலில் வந்தது யார்?', 'ஒரு வீட்டில் திடீரென்று சாவு விழுந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் ஒரே பெயரைச் சொன்னால் தேடல் பாதி முடிந்துவிட்டது.

பகுதியே கண்ணில் படாமல் இருப்பதும் உண்டு. நைரோபியின் கிபேரா ஆப்பிரிக்காவின் மிகவும் அறியப்பட்ட குடிசைப்பகுதிகளில் ஒன்று, ஆனாலும் 2009 வரை பொதுவில் கிடைத்த வரைபடங்களில் அது ஏறக்குறைய வெற்றிடம். அந்த ஆண்டு அங்கிருந்த இளைஞர்களே கையில் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து, தண்ணீர் கிடைக்கும் இடம், மருத்துவமனை, பள்ளி, கழிப்பறை எல்லாவற்றையும் குறித்து, எல்லாரும் பார்க்கக்கூடிய வரைபடத்தில் ஏற்றினார்கள். அதுவே பாராட்டத்தக்க ஒரு திட்டம். கூடவே, தேடுகிறவர்களுக்கு எச்சரிக்கையும்: உங்கள் பட்டியலில் ஒரு பகுதியின் பெயர் இல்லை என்றால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு பக்கத்துக்குள், அவர்கள் பேசும் மொழியில். 'எதிர்பார்க்கப்படும் விளைவுகள்', 'தர்க்கச் சட்டகம்' என்ற தலைப்புகளை எடுத்துவிட்டு, 'என்ன செய்கிறீர்கள், யார் யார் செய்கிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள், எதில் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். எழுத முடியாதவர்கள் தொலைபேசியில் பேசிப் பதிவு அனுப்பட்டும். நான் கேட்ட மிகச் சிறந்த விண்ணப்பம் ஆறு நிமிடக் குரல் பதிவு. பின்னால் குழந்தை அழும் சத்தமும், தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிடும் சத்தமும், 'இருங்க, குடத்தை வைத்துவிட்டு வருகிறேன்' என்று பாதியில் நிற்கும் பேச்சும் அதில் இருந்தன. அந்தப் பகுதியின் தண்ணீர் நிலைமைக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

எழுத்தறிவு இல்லாதது தடையாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஆமதாபாத்தின் சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கம், அதாவது சேவா, எப்போதோ காட்டிவிட்டது. இலா பட் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பெண்கள் 1974-ல் தங்களுக்கென ஒரு வங்கி அமைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத உறுப்பினர்கள் கணக்கு எண் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள், அந்தப் படமே அவர்களுக்கு அடையாளமானது. வங்கியே அப்படி இறங்கி வர முடியும் என்றால், ஒரு விருதுப் படிவத்தால் முடியாதா?

நேரில் போய்ப் பார்ப்பது அவசியமா? போனால் எதைப் பார்ப்பது?

அவசியம். தேர்வுக் குழுவில் ஒரு முறை, திரையில் வந்த படங்களின் அழகைப் பார்த்து ஓர் அமைப்புக்கு முதலிடம் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அங்கே போனால், அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண், 'ஆட்கள் வந்தால் திறப்பார்கள்' என்றார். அந்தத் தவறில் என் வாக்கும் இருந்தது. நேரில் போகாமல் இனி வாக்களிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

போகும்போது ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள், இன்னொரு முறை, அவர்கள் சம்மதத்தோடு, வழக்கமான ஒரு நாளில் போங்கள். வரவேற்பு ஏற்பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்காக அவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், அது உங்களால் வந்த இழப்பு.

அப்புறம் நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். ஒரு சேமிப்புக் குழுவின் நோட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வாராவாரம் கோடுகள். கட்டாத வாரத்தில் வெறும் வட்டம். ஒரு பெயருக்கு நேராகத் தொடர்ந்து ஏழு வட்டங்கள் இருந்தன, எட்டாவது வாரத்தில் மறுபடியும் கோடு. 'இவருக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டேன். 'வீட்டுக்காரர் படுத்த படுக்கை. நாங்கள் பேரை அடிக்கவில்லை, வட்டம் போட்டு வைத்தோம். எழுந்ததும் வந்து கட்டினார்' என்றார் நோட்டை வைத்திருந்தவர். வழவழப்பான ஆண்டறிக்கையில் அந்த ஏழு வட்டங்களுக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் அந்தக் குழு யாரையும் கைவிடாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், ஊனமுற்றோர், வேறு மொழி பேசுபவர்கள் குழுவுக்குள் இருக்கிறார்களா? நீண்ட காலமாக இருக்கும் சில குடும்பங்களின் கையிலேயே எல்லாம் இருக்கும் குழுக்களும் உண்டு. மக்கள் குழு என்பதாலேயே அநியாயம் நடக்காது என்று நம்பிவிட வேண்டாம். தெரு முனையில் நின்று, குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

எண்ணிக்கையை வைத்து மதிப்பிடலாமா?

எண்ணிக்கை வேண்டும், ஆனால் யார் எண்ணியது, எதற்காக எண்ணியது என்று பாருங்கள். 1985-ல் மும்பையின் பைகுல்லா பகுதி நடைபாதைவாசிகளை ஸ்பார்க் என்ற அமைப்பு, அந்த மக்களோடு சேர்ந்து கணக்கெடுத்தது. நடைபாதைக் குடிசைகளை அகற்றும் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆண்டு அது. அரசுக் கணக்குகளில் அவர்கள் இல்லவே இல்லை. எங்கிருந்து வந்தவர்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகப் பதிவானது. நேற்று வந்து இன்று போகிறவர்கள் என்ற பேச்சுக்கு அது நேரடிப் பதில். அதிலிருந்து வளர்ந்ததுதான் மகிளா மிலன் என்ற நடைபாதைப் பெண்களின் கூட்டமைப்பு. அந்த எண்கள் மக்களுக்கு ஆயுதம்.

அதே எண்களை நிதி கொடுப்பவர் கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடும். 'எத்தனை பேர் பயனடைந்தார்கள்' என்று கேட்டால், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே வேலையாகிவிடும். அவர்கள் தங்களுக்காக ஏற்கெனவே என்ன எண்ணி வைத்திருக்கிறார்களோ அதைக் கேளுங்கள். புதுக் கணக்கு கேட்பதாக இருந்தால் அதற்கான செலவையும் நீங்களே கொடுங்கள்.

அரசு செய்ய வேண்டிய வேலையை மக்கள் செய்வதைப் பாராட்டினால், அரசு கைகழுவிவிடாதா?

இது நியாயமான பயம், எனக்கும் உண்டு. இதற்கு நான் பார்த்த தெளிவான பதில் கராச்சியின் ஒராங்கி பகுதியில் கிடைத்தது.

1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒராங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். திறந்த சாக்கடையும் நோயும்தான் மக்களின் பெரிய குறை. அரசு வந்து செய்யும் என்று காத்திருந்தார்கள், அது வரவில்லை. 20, 30 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் ஓர் அலகு என்று வைத்துக்கொண்டார்கள். சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, பணம் வசூலித்து, அவர்களே வேலை செய்தார்கள். திட்டத்தின் ஆட்கள் அளவெடுத்து, வரைபடமும் மதிப்பீடும் கருவிகளும் கொடுத்தார்கள். சந்துக்காரர்களின் பணத்தைக் கையால் தொடவில்லை. ஒப்பந்தக்காரரின் லாபமும் இடைத்தரகும் போனதால் செலவு பல மடங்கு குறைந்தது. பின்னாளில் பல்லாயிரக்கணக்கான வீடுகள் இப்படிக் கழிவுநீர் இணைப்புப் பெற்றன.

முக்கியமானது அவர்கள் போட்ட கோடு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், பகுதியின் சேகரிப்புக் குழாய் ஆகியவை உட்பகுதி வேலை, அது மக்களுடையது. பெரிய கால்வாய், பிரதானக் குழாய், சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை வெளிப்பகுதி வேலை, அது அரசுடையது. எங்கள் பங்கை முடித்துவிட்டோம், உங்கள் பங்கு எங்கே என்று கையில் வரைபடத்தோடு போய்க் கேட்க அந்தக் கோடு உதவியது.

ஆகவே பாராட்டும்போது இரண்டு பாதிகளையும் சொல்லுங்கள். பாராட்டுப் பத்திரத்திலேயே 'இவர்கள் செய்து முடித்தது இது, அரசு இன்னும் செய்ய வேண்டியது இது' என்று எழுத முடியும். அதை மேடையில் வாசித்தால் சிலருக்கு முகம் சுளிக்கும், பரவாயில்லை.

பணமா, கேடயமா?

பணம். கேடயம் வேண்டுமானால் கூடவே கொடுங்கள், ஆனால் ஓர் அறையில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் கண்ணாடி கேடயத்தை எங்கே வைப்பார்கள்?

எதற்குச் செலவிடுவது என்ற நிபந்தனை இல்லாமல், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரே தடவையாகப் பெரிய தொகை விழுந்தால், அதுவரை ஒன்றாக இருந்தவர்கள் சண்டை போட்டுப் பிரிவதை நான் பார்த்திருக்கிறேன். வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதுபவரின் சம்பளம் போன்ற அலுப்பான செலவுகளுக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. குழுக்கள் மூடுவதும் அவற்றால்தான்.

பணம் இல்லாத அமைப்புகளும் நிறையச் செய்யலாம். கூட்டம் நடத்த ஓர் இடம், வழக்கறிஞரின் சில மணி நேரம், மாநகராட்சிக் குழுவில் ஒரு நிரந்தர இருக்கை. இன்னொன்றும் உண்டு: ஒரு நகரத்துக் குழுவை இன்னொரு நகரத்துக் குழுவிடம் அனுப்புவது. மும்பை நடைபாதைப் பெண்கள் தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகளைச் சந்தித்துத் தங்கள் சேமிப்பு முறையைச் சொல்லிக் கொடுத்ததும், அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதும் சேர்ந்து, 1996-ல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் கூட்டமைப்பாக உருவெடுத்தது. உன் வேலையைக் கற்றுக்கொள்ள ஒருவர் தூரத்திலிருந்து வந்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

தலைவருக்குக் கொடுப்பதா, குழுவுக்கா?

குழுவுக்கு. ஊடகங்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காக ஒருவரை மட்டும் மேடையேற்றினால், ஊர் திரும்பியதும் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஒரு விரிசல் வந்திருக்கும். விதிவிலக்கு உண்டு. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கிய ஜோக்கின் அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது. கோலார் தங்கவயலில் பிறந்து, மும்பை குடிசைப்பகுதியில் வாழ்ந்தபடியே அமைப்பு கட்டியவர் அவர். அவருக்குப் பின்னால் வாக்களிக்கும், கேள்வி கேட்கும் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. தனிநபரைக் கௌரவிப்பது என்றால், அவர் நாளைக்கே விலகினாலும் வேலை நடக்குமா என்று முதலில் பாருங்கள். மேடைக்கு எத்தனை பேர் வருவது, யார் வருவது என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும்.

பதிவு செய்யாத குழுவுக்கு விருது கொடுக்க முடியுமா?

முடியும். பதிவு பெற்ற, நம்பிக்கையான ஓர் அமைப்பு வழியாகப் பணத்தை அனுப்பலாம், அந்த அமைப்பு எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு. பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சில குழுக்களுக்கு அது பலம், சிலவற்றுக்குச் சுமை.

அங்கீகாரத்தால் கெடுதல் வருமா?

வரும். இதைப் பற்றி விருது கொடுப்பவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

முதல் ஆபத்து, இடம் நன்றாக ஆனதும் அதை நன்றாக்கியவர்களே வெளியேற வேண்டிய நிலை. சாக்கடை ஓடிய இடத்தில் பூங்கா வந்தால் வாடகை ஏறும், நிலம் வாங்க ஆட்கள் வருவார்கள். பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் கான்யோ மார்ட்டின் பென்யா என்ற கால்வாய் தூர்ந்துபோய், மழை பெய்தால் கழிவுநீர் வீட்டுக்குள் வரும். கால்வாயைத் தூர்வாரும் திட்டம் பேசப்பட்டபோதே கரையோர மக்கள் அடுத்த கட்டத்தையும் யோசித்தார்கள்: தூர்வாரி முடித்ததும் எங்களைத் துரத்தினால்? 2004-ல் வந்த ஒரு சட்டத்தின் துணையோடு நிலத்தைத் தனித்தனியாக விற்க முடியாத கூட்டு அறக்கட்டளைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். வீடு அவரவருடையது, வாரிசுக்கும் போகும். அடியிலிருக்கும் நிலம் எல்லோருடையது. 2015-16-ல் அவர்களுக்கு உலக வாழ்விட விருது கிடைத்தது. விருது கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது: பாதுகாப்பு முதலில், புகழ் பிறகு.

இரண்டாவது ஆபத்து உயிருக்கே. நிலம், தண்ணீர், குவாரி, போதைப்பொருள் என்று யாருடைய வருமானத்தையாவது தொடும் வேலை என்றால், பெயர் வெளியே தெரிவது ஆபத்து. ஒராங்கியில் நிலங்களையும் கழிவுநீர்ப் பாதைகளையும் வரைபடமாக்கும் பணியை ஆண்டுக்கணக்கில் முன்னின்று நடத்திய பர்வீன் ரஹ்மான், 2013 மார்ச் 13-ம் தேதி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. பெயர், படம், இடம் ஆகிய மூன்றில் எதை வெளியிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் பரிசைக் குறைக்காதீர்கள், விழா இல்லாமலே கொடுங்கள்.

பிள்ளைகளின் படங்கள் விஷயத்தில் என் விதி எளிது. அந்தப் பிள்ளை இருபது வயதில் வேலைக்குப் போகும்போது அந்தப் படம் தேடலில் வந்தால் வெட்கப்படுமா? ஆம் என்றால் வெளியிடாதீர்கள்.

பரிசு கிடைக்காதவர்களுக்கு என்ன சொல்வது?

காரணத்தை நேராகச் சொல்லுங்கள், ஒரு மாதத்துக்குள். கிடைக்கவில்லை என்ற செய்தியைக்கூட அனுப்பாத அமைப்புகள் இருக்கின்றன. நம்பி எழுதியவர்களை அப்படி விடுவது தவறு. நேரில் போய்ப் பார்த்த எல்லாக் குழுக்களுக்கும், நீங்கள் பார்த்ததை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். அடுத்த இடத்தில் காட்ட அது உதவும்.

விருது கொடுத்த பிறகு நம் வேலை முடிந்ததா?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் 1989-ல் நகர வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்யும் முறை தொடங்கியது. ஏழைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் சாலையும் வந்தன. 1996-ல் இஸ்தான்புல்லில் நடந்த ஐ.நா. வாழ்விட மாநாட்டில் அது சிறந்த நடைமுறைகளில் ஒன்றாகக் கௌரவிக்கப்பட்டது, உலகம் முழுவதும் நகரங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் பின்னாளில் ஆட்சிகள் மாற மாற, பிறந்த ஊரிலேயே அந்த முறை வலுவிழந்தது. விருது அதைக் காப்பாற்றவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் போங்கள். அறிக்கை கேட்பதற்காகப் போக வேண்டாம், என்ன மாறியது, எங்கே சிக்கல் என்று உட்கார்ந்து கேட்பதற்காகப் போங்கள். திட்டம் நின்றுபோயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வேலை முடிந்ததால் கலைந்த குழுவும் உண்டு: தெருவிளக்கு வந்துவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது தோல்வி இல்லை.

என்னிடம் பணமோ பதவியோ இல்லை. நான் தனி ஆள். என்ன செய்ய முடியும்?

அவர்கள் செய்வதை எழுதி வையுங்கள். தேதி, என்ன நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், யாரிடம் மனு கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது. பெரும்பாலான குழுக்களிடம் இல்லாதது இந்தப் பதிவுதான், நாளைக்கு விருதோ வழக்கோ வந்தால் முதலில் கேட்கப்படுவதும் இதுதான். கொடுத்த மனுக்களின் நகலைப் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். கணக்கு தெரிந்தால் மாதம் ஒரு நாள் அவர்கள் நோட்டோடு உட்காருங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுவதாக இருந்தால், அனுப்பும் முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால்கூட அவர்களே திருத்திவிடுவார்கள்.